அன்னூர்த் தோட்டத்தில் தெற்குப் பார்க்க மறுத்த பேனல்

ஐப்பசி மூன்றாம் சனிக்கிழமை, நான் குடியிருக்கும் கணபதியிலிருந்து அன்னூரைத் தாண்டி ஒரு தோட்டம் வரை போய், அன்றே திரும்பினேன். வழியில் நின்று பார்க்க அருவியோ மலையோ இல்லாத பயணம். ஒரு பட்டுப்புழுக் கொட்டகையில் ஃபேன் ஏன் இரவு எட்டு மணிக்கே நின்றுவிடுகிறது என்று பார்க்கப் போனேன். சொந்தமாகச் சோலார் மாட்டிக்கொள்ள நினைத்து இங்கே கேள்வி கேட்கிறவர்கள் சிலர் இருப்பதால் எழுதுகிறேன். நான் அங்கே பார்த்த கோளாறு எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆனால் நம் பக்கத்தில் யார் வீட்டுக் கூரையிலும் நடக்கக்கூடியது. ஊர்ப் பெயர் போடவில்லை. பூங்கொடி வேண்டாம் என்றாள்.

பூங்கொடி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவளும் நானும் கணபதியில் ஒரே மொட்டைமாடி அறையில் மூன்று வருடம் இருந்தோம். வேலையும் ஒரே பட்டறையில்தான். பம்பு மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி பூட்டுகிற இடம். அவளுக்கு வயரிங், எனக்கு சோதனை மேசை. எங்கள் அறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். சித்திரையில் மின்சாரம் நின்றால் உள்ளே உட்கார முடியாது. அப்படி ஒரு நாள் வியர்த்துக்கொண்டே இருவரும் முடிவு செய்ததுதான் சோலார். நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகங்களை நான் படித்துச் சொல்ல, அவள் வயரை வெட்டினாள்.

பேனல் சிங்காநல்லூரில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. நூற்று அறுபது வாட், ஓரத்தில் சட்டம் மட்டும் கொஞ்சம் நெளிந்திருந்தது. ஆட்டோ வைக்க மனமில்லாமல் போர்வையில் சுற்றி டவுன் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, டிரெஸ்ஸிங் டேபிளா? மாப்ளைய எங்க உட்டுப்போட்டு வந்தீங்க?”

“அவரு அடுத்த பஸ்ஸுல கட்டிலத் தூக்கிக்கிட்டு வாராருங்க” என்றாள் பூங்கொடி.

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு அப்படிப் பேச வரும். எனக்கு வராது.

மொட்டைமாடித் தரையில் நான்கு துளை போட்டு, இரும்புச் சட்டத்தை போல்ட் வைத்து இறுக்கி, தெற்குப் பார்த்து மாட்டினோம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, அதே வோல்ட்டில் நேராக ஓடும் இரண்டு ஃபேன், இரண்டு விளக்கு. ஊரே இருட்டாக இருந்தபோது எங்கள் அறையில் ஃபேன் சுற்றியது. அதன் கீழே படுத்துக்கொண்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு வீடு வரைந்தோம். ஓட்டு வீடாக இருந்தாலும் போதும், கூரை மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும். கூரையில் எத்தனை பேனல், மிக்ஸி ஓட எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் என்று அவள் கணக்குப் போட்டாள். நான் ஜன்னல்களும் இரண்டு மேசைகளும் வரைந்தேன். அதற்கு மேல் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. பூங்கொடி மாமியாரோடு தோட்டத்தில் இருக்கிறாள். சும்மா இருக்க முடியாமல் ஒரு ஏக்கரில் மல்பெரி போட்டு, வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும் சாளையில், அதாவது காட்டுக் கொட்டகையில், பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினாள். முதல் தடவை கோடையில் புழுக்கம் தாங்காமல் அத்தனை புழுவும் செத்தன. சாளைக்கு மின்சாரம் இல்லை. பக்கத்து மோட்டார் ரூமுக்கு வரும் விவசாய மின்சாரத்தை மோட்டாரைத் தவிர வேறெதற்கும் இழுக்கக் கூடாது. தனி இணைப்பு வாங்கக் கம்பம் நட வேண்டும். எனவே ஆவணியில் எங்கள் மாடிப் பேனலைக் கழற்றி, பேட்டரி, ஃபேன், விளக்கு எல்லாவற்றோடும் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மோட்டார் ரூமின் காங்கிரீட் கூரையில் தெற்குப் பார்த்து நானே மாட்டிவிட்டு வந்தேன். நன்றாகத்தான் ஓடியது.

ஐப்பசியில் இரண்டாவது தடவையாகப் புழுக்குஞ்சு வாங்கித் தட்டுகளில் இறக்கினாள். இரண்டாம் வாரம் ஃபோன் வந்தது.

“நித்தி, பகல் பூரா வெயிலடிக்குது. ஆனா எட்டு மணிக்கே ஃபேன் நின்னுருது. மழ பேஞ்சு உள்ள ஒரே புழுக்கம். ரெண்டு தட்டுல புழு சோந்து கெடக்குது.”

“ஃப்யூஸ் பார்த்தியா?”

“பாத்தேன். நீ ஒருக்கா வந்துட்டுப் போ. இந்தத் தடவையும் போச்சுன்னா சாளைய ஆட்டுக்கு உட்டுறலாம்னு அத்தை சொல்லிப்போட்டாங்க. அப்பறம் நான் பழைய வேலைக்கே வந்துருவேன். ஞாயித்துக்கெழம மட்டும் ஊருக்கு வந்துட்டுப் போனாப் போச்சு. நீ ரூமை மாத்தலையல்ல?”

மாற்றவில்லை என்றேன். ஃபோனை வைத்த பிறகும் அந்தக் கடைசிக் கேள்வி அறையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குச் சத்தி ரோட்டில் கணபதி நிறுத்தத்தில் ஏறினேன். பையில் மல்டிமீட்டர், ஸ்பேனர் இரண்டு, ஃப்யூஸ், டேப், பழைய பனியன் துணி. அன்னூருக்கு இந்த வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. வெளியூர் பஸ்ஸில் முப்பது ரூபாய் சுமாருக்கு டிக்கெட். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ்ஸும் உண்டு, அது நின்று நின்று போகும். அவசரமில்லாதவர்கள் அதில் போகலாம். எனக்கு அன்று அவசரமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன்.

சோலார் ஒட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பஸ்ஸில் போகும்போது கடைகளைப் பார்க்க மாட்டார்கள், கூரைகளைப் பார்ப்பார்கள். சரவணம்பட்டியில் கண்ணாடிக் கட்டடங்களின் உச்சியில் வரிசை வரிசையாகப் பேனல், எல்லாம் ஒரே சாய்வில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. கோவில்பாளையம் தாண்டினால் தனி வீடுகள். சில வீடுகளில் வெந்நீர்க் குழாய் மட்டும். ஒரு வீட்டில் பேனலுக்கு முன்னாலேயே தண்ணீர்த் தொட்டி கட்டி, பாதி நாள் நிழலில் வைத்திருந்தார்கள். இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று இருந்தது. பூங்கொடி கூட இருந்திருந்தால் இறங்கியிருப்பாள். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் தென்னை, வாழை, நடுநடுவே வீட்டு மனைக்கென்று கல் நட்ட நிலங்கள். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நல்ல வெயில்.

ஒன்பதே காலுக்கு அன்னூர். பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர், நூற்று ஐம்பது கேட்டு நூற்று முப்பதுக்கு வந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த மீட்டர் வயரைக் கண்ணாடியில் கவனித்துவிட்டார்.

“கரண்டு ஆபீஸுங்களா?”

“இல்லீங்க. சோலார் ஒண்ணு வேலை செய்யல, பார்க்கப் போறேன்.”

“எங்கூட்டுக்கும் ஒருத்தரு வந்து போட்டுக்கச் சொன்னாருங்க. எங்கம்மா உடுல. ‘வெயிலு நம்மூட்டு மேலதான உழுவுது, அதுக்கு எதுக்கு அவனுக்குக் காசு’ங்குது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்றது. ரோசன பண்ணுனா அது சொல்றதும் சரியாத்தான் இருக்குது.”

அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது.

தோட்டத்து வாசலில் பூங்கொடியின் மாமியார் பழனியம்மாள் நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது, வேகமான நடை. அவரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. பட்டுப்புழு வேலை தோற்றுப் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பது அது. பூங்கொடி அப்படிச் சொன்னதில்லை. நானாகவே எண்ணிக்கொண்டது.

“வாங்க கண்ணு. உண்டுபோட்டு வேலையப் பாக்கலாம். அரிசிம்பருப்பு வடிச்சு வெச்சிருக்குது.”

“வேலை முடிச்சுட்டுச் சாப்பிடறேங்க. வெயில் இருக்கறப்பவே பார்த்தாத்தான் தெரியும்.”

பூங்கொடி மல்பெரித் தழைக் கட்டைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு வந்தாள். இளைத்திருந்தாள். கையில் தழைப் பால் கறை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள நிறைய இருந்தது. இருவரும் பேட்டரியைப் பற்றிப் பேசினோம்.

முதலில் சாளைக்குள் கூட்டிப்போனாள். அடுக்கடுக்காகத் தட்டுகளில் புழுக்கள், சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையாக. நான்காவது தோலையும் உரித்துவிட்டன, இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டும் என்றாள். அவை தழை தின்கிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ ஓயாமல் பக்கம் புரட்டுவது போல இருந்தது. கடைசி இரண்டு தட்டில் மட்டும் அந்தச் சத்தம் குறைவு. காற்று அசையவில்லை. ஈரத் துணியை முகத்தில் போட்டது போன்ற புழுக்கம்.

பிறகு ஏணி வைத்து மோட்டார் ரூம் கூரையில் ஏறினேன். ஏறியதும் சிரிப்பு வந்தது, அடுத்த நொடி வரவில்லை.

நான் ஆவணியில் கூரையோடு கூரையாக லேசாகத் தெற்கே சாய்த்து வைத்த பேனல், இப்போது கிழக்கே திரும்பி, பின்னால் செங்கல் அடுக்கி, ஏறக்குறைய நிமிர்ந்து நின்றது. சுவரில் சாமி படம் நிற்பது போல. கண்ணாடியின் நான்கு மூலையிலும் நடுவிலும் அடை கனத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். குறுக்கே மூன்று விரல் திருநீற்றுப் பட்டை. சட்டத்தில் வாடிய கதம்பச் சரம். கிழக்கே தென்னை வரிசை இருப்பதால் காலை ஒன்பது மணி வரை அதன் மேல் நிழல். நிழல் விலகியபின் கொஞ்ச நேரம் நல்ல வெயில். உச்சிக்கு மேல் சூரியன் அதன் பின்னந்தலையைத்தான் பார்க்கும்.

சோலாரில் பழக்கமில்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பேனலில் இருக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. ஒன்றை மறைத்தால் அந்த ஒன்றின் நஷ்டம் மட்டும் அல்ல, வரிசையே தளர்ந்துபோகும். உள்ளங்கை அகலச் சந்தனம் போதும். மீட்டரை வைத்தேன். ஏழெட்டு ஆம்பியர் வரவேண்டிய நேரத்தில் ஒன்றரைகூட வரவில்லை.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இதே அலங்காரம் உண்டு. சோதனை மேசை மீட்டரில் முள் தெரியாத அளவுக்கு நானே பொட்டு வைத்திருக்கிறேன். மறுநாள் துடைத்துவிடுவோம், அவ்வளவுதான் வித்தியாசம். லேத்துக்குப் பொட்டு வைத்தால் லேத்து நிற்காது. பேனலுக்கு முகமே வாய்.

பூங்கொடி ஏணியின் மேல் படியில் நின்றிருந்தாள்.

“இதைப் பார்க்கலையா நீ?” என்றேன்.

“பாத்தேன்.”

“சந்தனம் வெச்சா என்னாகும்னு உனக்குத் தெரியாதா? தெற்குன்னு தெரியாதா? மொட்டைமாடியில நாம ரெண்டு பேரும்தானே மாட்டினோம்?”

“தெரியும். ரெண்டு தடவ தொடச்சு உட்டேன். வெள்ளிக்கெழமையானா மறுக்கா வெச்சர்றாங்க. ஆயுத பூசை நோம்பிக்கு அவரு வந்தப்ப அம்மாளும் மகனுமாச் சேந்து திருப்பி வெச்சாங்க. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருந்தேன்.”

“நீ சொல்ல வேண்டியதுதானே?”

“நான் சொன்னா எதுத்துப் பேசற மாதிரி. நீ சொன்னா ரிப்பேரு.”

“அதை ஃபோன்லயே சொல்லியிருந்தா நானே அவங்ககிட்டப் பேசியிருப்பேனே.”

அவள் சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். “ஃபோன்ல சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?” என்றாள்.

பையிலிருந்த பனியன் துணியை நனைத்துத் தரச் சொன்னேன்.

கண்ணாடி வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடலாம். பிழிந்த துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். மூன்றரை ஆம்பியருக்கு ஏறியது. மீதி, திசையில் இருந்தது. செங்கலை எடுக்கப் போனபோது கீழேயிருந்து குரல் வந்தது.

“கண்ணு, தெக்கால திருப்பாதீங்க.”

பழனியம்மாள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மூன்று பேருமாக அந்தச் சின்னக் கூரையில் நின்றோம். ஆவணியிலேயே அவர் “தெக்கால பாத்தா வெக்கறீங்க?” என்று கேட்டது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டு போல்ட்டை இறுக்கப் போயிருந்தேன்.

“வெளக்குக்குண்டானது இது. தெக்கால பாத்து யாராச்சும் வெளக்கு வெப்பாங்களா? எமன் தெசையாச்சே அது” என்றார். “போன தடவ அத்தன புழுவும் செத்துதுங்க கண்ணு. கூடை கூடையா நாந்தான் குழி தோண்டிக் கொட்டுனேன். இவ மூணு நாளு சோறு உங்கல. அந்தச் சாளைக்கு மறுக்கா உசுரக் கொண்டாந்து வெக்கறப்ப, வெளிச்சம் குடுக்கற சாமான் எமனப் பாத்துக்கிட்டு இருந்தா என்ற மனசு கேக்குமா?”

என் எண்ணம் அந்த இடத்திலேயே உடைந்தது. இந்தப் பேனல் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தத் தோட்டத்தில் வெள்ளி தவறாமல் வேண்டிக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் பெரும்பாலும் தெற்கே சாய்ந்து போகும் என்பதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் வாக்கியம் தேடினேன். கிடைத்தது வேறு.

“அம்மா, விளக்கு சாளைக்குள்ளதாங்க எரியுது. அது கிழக்குப் பார்த்துத்தான் இருக்கு. இது விளக்கு இல்லீங்க. வெயில் காயற சாமான்.”

அவர் பேனலைச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். வெள்ளைப் பரப்பும், நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியும், அதிலிருந்து இறங்கும் இரண்டு வயர்களும்.

“கரண்டு இதுலிருந்துதான் வருதுங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப மூஞ்சி இந்தப் பக்கந்தான இருக்குது.” நிமிர்ந்தார். “மார்கழியில வெயில் காயறவன் மூஞ்சியவா காட்டறான்? முதுகத்தான காட்டறான். முதுகு தெக்கால இருந்தா மூஞ்சி வடக்கால ஆச்சு. வடக்கு குபேரன் தெச. நல்லாத்தான இருக்குது?”

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள். “அத்தை, இத ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இவ பஸ்ஸேறி வந்திருக்கவே வேண்டாமல்ல?”

“நீ கேட்டியா? திருட்டுத்தனமா ஏறித் தொடச்சுத் தொடச்சுத்தான உட்டே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஏணி ஏறத் தெரிஞ்சவளுக்கு வாயத் தொறக்கத் தெரியுல.”

“தொறந்தா நீங்க சும்மா உட்டுருவீங்களாக்கும்.”

“உட மாட்டேன். அதுக்காகத் தொறக்காம இருந்தர்றதா?”

செங்கலை எடுத்துச் சட்டத்தைத் திருப்பினோம். பழனியம்மாள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பழைய துளைகளில் போல்ட்டைப் போட்டு நான் இறுக்கினேன். மூன்று போல்ட் முடிந்து நான்காவதற்கு ஸ்பேனரை வைத்தபோது கை சற்று நின்றது. இதை இறுக்கினால் பேனல் ஓடும். பேனல் ஓடினால் ஃபேன் ஓடும், புழு பிழைக்கும், சாளை இவளுடையதாகவே இருக்கும். கணபதி அறையில் அவள் கட்டில் மீது நான் அடுக்கி வைத்திருக்கும் புத்தகங்கள் அங்கேயே கிடக்கும். கீழே சாளையிலிருந்து பக்கம் புரட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. இறுக்கினேன். நெளிந்த சட்டம் என்பதால் ஒரு சுற்று கூடுதலாகவே.

மீட்டர் ஏழுக்கு மேல் காட்டியது. பழனியம்மாள் கீழே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து, பேனலின் பின்பக்கம், கறுப்புப் பெட்டிக்கு மேல், ஒரு பெரிய பொட்டு வைத்தார். வடக்குப் பார்த்து.

சாப்பிட்டுவிட்டு மீதி நேரம் சின்ன வேலைகள் பார்த்தேன். பேட்டரி முனையில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டினேன், ஒரு இணைப்பைப் பிரித்துத் திரும்ப முறுக்கினேன். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு இரண்டு ஃபேனும் சுற்றின. பாதி நாள் வெயிலில் பேட்டரி நிறைந்திருக்காது என்பதால், இன்றிரவு புழு சோர்ந்திருக்கும் பக்கத்து ஃபேன் மட்டும் போதும், நாளையிலிருந்து இரண்டும் என்று சொன்னேன்.

“இருந்துட்டு காத்தால போலாமல்லோ கண்ணு” என்றார் பழனியம்மாள். வேலை இருக்கிறது என்றேன். மறுநாள் ஞாயிறு என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

கடைசி பஸ் ஆறு ஐம்பதுக்கு என்றார்கள். பூங்கொடி ரோடு வரை கூட வந்தாள். முக்கால் கிலோமீட்டர் மண் தடம், மழைத் தண்ணீர் தேங்கி இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாத அகலம். அவள் முன்னால் நடந்தாள்.

“ரூம்ல இப்ப கரண்டு போனா என்ன பண்ற?” என்றாள் திரும்பாமலே.

“மாடியில உட்கார்ந்துக்குவேன்.”

“புழுக்கமா இருக்குமல்ல?”

“பழகிடுச்சு.”

கொஞ்ச தூரம் போனோம்.

“நெசமாலுமே வந்துருவேன்னுதான் நெனச்சேன் நித்தி. ரெண்டு தட்டு சோந்தப்ப.”

“தெரியும்.”

“நீ சரி பண்ணாமப் போயிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

அவள் நின்றாள். என் தோளில் ஒட்டியிருந்த குங்குமத் தூளை விரலால் தட்டிவிட்டாள். அது போகவில்லை. மறுபடி தட்டினாள். பஸ் விளக்கு தூரத்தில் தெரிந்தது.

பஸ் தோட்டத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில், இடப்பக்கம், மரங்களுக்கு நடுவே சாளை கொஞ்ச நேரம் தெரியும் என்று சொல்லியிருந்தாள். இடப்பக்கமே உட்கார்ந்தேன். இரண்டு விளக்கு, ஒன்று வாசலில், ஒன்று உள்ளே. அவை சிமிட்டவில்லை, மங்கவில்லை. நான் வேலை சரியாகச் செய்திருந்தால் எப்படி எரிய வேண்டுமோ அப்படி எரிந்தன. தென்னைகள் வந்து மறைத்துக்கொண்டன. மறுநாள் காலை செய்தி வந்தது: “விடிய விடிய ஓடுச்சு.”

இனி, போக நினைப்பவர்களுக்கும் மாட்ட நினைப்பவர்களுக்கும். நம் பக்கத்தில் பேனலைத் தெற்கே பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு லேசாகச் சாய்த்தால் போதும். நிழலை ஆவணியில் பார்த்துவிட்டு நம்பாதீர்கள், ஐப்பசியில் அது இடம் மாறியிருக்கும். விளக்கும் ஃபேனும் மட்டும் என்றால் பன்னிரண்டு வோல்ட்டிலேயே ஓடுகிறவற்றை வாங்குங்கள், இன்வெர்ட்டர் தானே கொஞ்சம் தின்னும். பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வையுங்கள். கண்ணாடியைக் காலையில், சூடேறுவதற்கு முன், வெறும் தண்ணீரில் துடையுங்கள். பழைய பேனல் வாங்கினால் கடையிலேயே வெயிலில் வைத்து மீட்டர் போட்டுப் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, மாட்டும்போது அந்த வீட்டில் யாராவது “இந்தத் திசையிலயா?” என்று கேட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பொட்டு வைக்க ஒரு இடமும் நீங்களே காட்டிவிடுங்கள். பின்பக்கத்தில் நிறைய இடம் இருக்கிறது.

பட்டுக்கூடு நன்றாக வந்தது. சோர்ந்த தட்டுகளிலும் பாதிக்கு மேல் தேறிவிட்டன. பழனியம்மாள் ஆட்டைப் பற்றிப் பேசுவதில்லையாம். இன்னொரு சாளை எடுக்கலாம், இன்னொரு பேனல் பார்த்து வை என்று பூங்கொடி சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு சிங்காநல்லூர் போகிறேன். இந்த முறை போர்வையின் மறு முனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் ஆட்டோ.

மொட்டைமாடியில் அந்த நான்கு துளைகளும் அப்படியே இருக்கின்றன. மழை பெய்தால் நான்கிலும் தண்ணீர் நிற்கிறது. கீழ்வீட்டில் ஈரம் இறங்கும், சிமெண்ட் வைத்து அடைத்துவிடு என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம். இந்த மழைக்காலம் முடியட்டுங்க என்று சொல்லியிருக்கிறேன்.